வங்கி மறுத்த கடனைச் சமூகக் கடன் நிதியம் எப்படிக் கொடுக்கிறது?

கேள்வி இது: அமெரிக்காவில் சமூக முதலீட்டுக் கடன் நிதியங்கள் என்ற பெயரில் இயங்கும் அமைப்புகள், வங்கிகள் கைவிரித்த சிறு தொழில்களுக்கும் லாப நோக்கற்ற நிறுவனங்களுக்கும் கடன் தருகின்றன. வங்கிக்கு ஆபத்தாகத் தெரிவது இவர்களுக்கு மட்டும் ஏன் அப்படித் தெரிவதில்லை? அது யாருடைய பணம்? வட்டி குறைவாக இருக்குமா? ஒரு தொண்டு நிறுவனம் கேட்டால் எதைப் பார்த்துக் கொடுப்பார்கள்?

இத்தகைய நிதியம் ஒன்றின் கடன் குழுவில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆபத்து அவர்களுக்கும் தெரியும். பல நேரங்களில் வங்கியைவிட நன்றாகவே தெரியும், ஏனென்றால் வங்கியின் கணினி மூன்று நிமிடத்தில் தள்ளிவிட்ட விண்ணப்பத்தை இவர்கள் மூன்று வாரம் படிக்கிறார்கள். தரத்தைத் தளர்த்திக்கொண்டு கடன் கொடுக்கிறார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. நட்டம் வந்தால் முதலில் அதைத் தாங்கிக்கொள்ளும் பணம் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. ஒரு கடனுக்காக வங்கி செலவிட முடியாத உழைப்பை அவர்கள் செலவிடுகிறார்கள்.

முதலில் பணத்தின் கதை. கடன் நிதியம் என்பது வங்கி அல்ல. பொதுமக்களிடமிருந்து வைப்புத்தொகை வாங்குவதில்லை. பெரும்பாலும் அதுவே ஒரு லாப நோக்கற்ற நிறுவனம். 1970களின் இறுதியிலும் 1980களிலும் இத்தகைய நிதியங்கள் பல தோன்றியபோது, ஓய்வுக்காலச் சேமிப்பின் ஒரு பகுதியைக் கொடுத்த கன்னியர் சபைகள், திருச்சபைகள், மனம் ஒப்பிய தனிநபர்கள் ஆகியோரே முதலில் பணம் போட்டவர்களில் முக்கியமானவர்கள். நியூ ஹாம்ப்ஷயர் சமூகக் கடன் நிதியம் 1983-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் கடன் மெரிடித் என்ற ஊரில், தொழிற்சாலையில் செய்த வீடுகளை வாடகை நிலத்தில் வைத்து வாழ்ந்து, நிலம் கைமாறினால் வீட்டையே இழக்கும் நிலையில் இருந்தவர்கள், கூட்டுறவாகச் சேர்ந்து அந்த நிலத்தைத் தாங்களே வாங்கிக்கொள்வதற்காகக் கொடுக்கப்பட்டது. குறைந்த வருமானக் குடும்பங்கள், சொந்த நிலமில்லாத வீடுகள், அதற்கு முன் கடன் வரலாறே இல்லாத ஒரு கூட்டுறவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்த வங்கியும் கோப்பை மூடிவைத்துவிடும். ஆனால் மாத வாடகையை ஒழுங்காகக் கட்டிவந்த குடும்பங்கள், அதே தொகையைத் தங்கள் கூட்டுறவுக்குக் கட்டமாட்டார்களா என்ற எளிய கேள்வியை யாராவது கேட்க வேண்டியிருந்தது.

இன்று அந்தப் பணத்தின் அடுக்குகள் கூடியிருக்கின்றன. 1977-ஆம் ஆண்டின் சமூக மறுமுதலீட்டுச் சட்டம், வைப்புத்தொகை பெறும் பகுதிகளில் குறைந்த, நடுத்தர வருமான மக்களின் கடன் தேவையையும் வங்கிகள் நிறைவேற்ற வேண்டும் என்கிறது. அந்தக் கடமையின் ஒரு பங்கை நிறைவேற்றும் வழியாக வங்கிகள் இந்த நிதியங்களுக்கு மொத்தமாகக் கடன் கொடுக்கின்றன. அதாவது, முன்வாசலில் உங்களைத் திருப்பி அனுப்பிய வங்கியின் பணமே நிதியத்தின் வழியாக உங்கள் கைக்கு வரக்கூடும். இதில் முரண் இல்லை: வங்கி உங்களை நம்பவில்லை, நிதியத்தை நம்புகிறது. அறக்கட்டளைகள் மிகக் குறைந்த வட்டியில், நீண்ட தவணையில் பணம் தருகின்றன. 1969-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் இத்தகைய முதலீட்டுக்குத் தனி இடம் ஒதுக்கியதால், அறக்கட்டளை ஆண்டுதோறும் வழங்கியாக வேண்டிய தொகையில் இதுவும் கணக்காகிறது. தனிநபர்கள் நிதியத்தின் முதலீட்டுப் பத்திரத்தை வாங்கலாம். 1994-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி கருவூலத் துறைக்குள் அமைக்கப்பட்ட அரசு நிதியம், தகுதிச் சான்று பெற்ற சமூக மேம்பாட்டு நிதி நிறுவனங்களுக்கு, அதாவது சிடிஎஃப்ஐ என்று சுருக்கமாக அழைக்கப்படுபவற்றுக்கு, போட்டி அடிப்படையில் மானியம் தருகிறது. அந்தச் சான்றைப் பெற, தன் கடனளிப்பில் குறைந்தது 60 விழுக்காடு பின்தங்கிய பகுதிகளுக்கோ மக்களுக்கோ போகிறது என்று கடன் நிதியம் காட்ட வேண்டும். கடனுடன் ஆலோசனையும் பயிற்சியும் கொடுக்க வேண்டும். அரசின் பிடியில் இருக்கக் கூடாது.

இவற்றுள் மானியம்தான் ஆணிவேர். ஒரு நிதியம் 5 கோடி டாலர் கடன் கொடுத்திருக்கிறது, அதில் 4 கோடி தான் வாங்கிய கடன், 1 கோடி மானியங்களாலும் உபரியாலும் சேர்ந்த சொந்தப் பணம் என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த கடனில் 15 இலட்சம் டாலர் வாராக்கடனாகிப் போனாலும், அது அந்த 1 கோடியிலிருந்துதான் கழியும். முதலீட்டாளர்களின் 4 கோடிக்குக் கீறல் விழாது. இந்த மெத்தை இருப்பதால்தான், வங்கிகளைச் சோதிக்கும் அரசு அலுவலர் பார்த்தால் முகம் சுளிக்கும் கடனை நிதியம் தன் ஏட்டில் வைத்துக்கொள்ள முடிகிறது. மெத்தை மெலிந்துபோனால், எவ்வளவு நல்ல நோக்கம் இருந்தாலும், அந்த நிதியமும் வங்கியைப் போலவே நடந்துகொள்ளத் தொடங்கும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே முதலீடு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்துக்கு ஒரு வரம்பு வரை கூட்டாட்சி அரசின் காப்பீடு உண்டு. நிதியத்தின் பத்திரத்துக்கு அது கிடையாது. சிகாகோவின் ஷோர்பேங்க், 1973 முதல் இத்துறைக்கு முன்னோடியாக இருந்த வங்கி, 2010 ஆகஸ்டில் மூடப்பட்டபோது வைப்பாளர்களுக்குக் காப்பீடு இருந்தது. கடன் நிதியம் ஒன்று அப்படி மூழ்கினால், பத்திரம் வைத்திருப்பவர் நிதியத்துக்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆகவே வட்டி விகிதத்தைப் பார்ப்பதற்கு முன் சொந்தப் பணம் மொத்தச் சொத்தில் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். 20 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் ஓரளவு நிம்மதி.

இனி கடன் வாங்குபவரின் பக்கம். ஒரு பேக்கரிக்காரர் 1,20,000 டாலர் கேட்கிறார். பாதி அடுப்புக்கும் மாவுப் பிசையும் இயந்திரத்துக்கும், மீதி புதிய இடத்தில் குழாய், மின்கம்பி, காற்றுப் போக்கி போன்ற வேலைகளுக்கு. மூன்று ஆண்டு வரிப் படிவங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று நட்டம். கடன் மதிப்பெண் சுமார். வீடு வாடகை வீடு. வங்கி ஏன் மறுத்தது என்பது விளங்குகிறது: அடுப்பை ஏலத்தில் விற்றால் வாங்கிய விலையில் சிறு பங்குதான் தேறும், சுவருக்குள் போன குழாய்க்கு ஒரு சல்லியும் தேறாது.

நிதியத்தின் கடன் அலுவலர் ஈட்டிலிருந்து, அதாவது பிணையாகும் சொத்திலிருந்து, தொடங்குவதில்லை, பணவரவிலிருந்து தொடங்குகிறார். நட்டம் காட்டிய ஆண்டில் என்ன நடந்தது என்று கேட்கிறார். பழைய குளிர்பதனப் பெட்டி பழுதாகி இரண்டு வாரம் கடை மூடிக் கிடந்தது என்றால் அது ஒரு விபத்து. மாவு விலை ஏறியும் ரொட்டி விலையை ஏற்ற மனம் வரவில்லை என்றால் அது நோய். இரண்டும் ஏட்டில் ஒரே எண்ணாகத் தெரியும். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்க் கடையில் நின்று, எத்தனை தட்டு வெளியே போகிறது, எது சாயங்காலம் மிஞ்சித் தூக்கி எறியப்படுகிறது என்று பார்த்த அலுவலரை எனக்குத் தெரியும். அவர் எழுதிய குறிப்பில் ஒரு வரி இன்னும் நினைவில் இருக்கிறது: மொத்த வியாபாரத்தில் உணவகங்களுக்குப் போகும் ரொட்டி ஒவ்வொன்றிலும் கடைக்காரர் நட்டப்படுகிறார், அவருக்கே அது தெரியாது. அந்த விலையைத் திருத்திய பிறகே கோப்பு குழுவுக்கு வந்தது.

பிறகு கணக்கு. உரிமையாளரின் குடும்பச் செலவைக் கழித்த பின், கடன் அடைக்க ஆண்டுக்கு 27,000 டாலர் மிஞ்சுகிறது என்று கொள்வோம். 8 விழுக்காடு வட்டியில் 1,20,000 டாலரை 5 ஆண்டுகளில் அடைக்க வேண்டுமானால் மாதத் தவணை ஏறத்தாழ 2,433 டாலர், ஆண்டுக்கு 29,200. மிஞ்சுவதைவிட இது அதிகம், விகிதம் 0.92. இந்தக் கடன் பிறக்கும்போதே இறந்த கடன். அதே தொகையை 7 ஆண்டுகளுக்கு நீட்டினால் மாதம் 1,870, ஆண்டுக்கு 22,440 டாலர், விகிதம் 1.2. தவணைக்குத் தேவைப்படும் ஒவ்வொரு டாலருக்கும் கையில் ஒரு டாலர் இருபது சென்ட் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலான கடன் கொடுப்போர் 1.2 அல்லது 1.25-ஐக் கீழ் எல்லையாகக் கொள்கிறார்கள். வட்டியைக் குறைக்காமலேயே ஆகாத கடன் ஆகும் கடனாகிவிட்டது. வேலை முடிந்து கடை திறக்கும் வரை ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று ஒரு சலுகையும் சேர்த்தால் இன்னும் மூச்சு விடலாம். இப்படிக் கடனைத் தொழிலின் உடம்புக்கு ஏற்பத் தைப்பதுதான் இந்த நிதியங்களின் உண்மையான கைத்திறன்.

ஈடு கேட்கமாட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இயந்திரங்கள் மீதும் வணிகச் சொத்துகள் மீதும் உரிமைப் பதிவு செய்வார்கள், அதாவது கடன் திரும்பாவிட்டால் அவற்றை எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பதிந்துகொள்வார்கள்; உரிமையாளரின் தனிப்பட்ட உத்தரவாதத்தைக் கேட்பார்கள். ஈடு கடன் தொகைக்கு ஈடாக இல்லாவிட்டாலும் கையெழுத்து வாங்குவதன் காரணம், கடை தள்ளாடும்போது உரிமையாளர் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது என்பதே. வீடு இருந்தால் அதன் மீது இரண்டாம் அடமானம் கேட்கும் நிதியங்களும் உண்டு. பணவரவு தெளிவாக இருக்கும் கடனுக்கு ஒரு குடும்பத்தின் கூரையையும் சேர்த்துப் பிணையாக்குவது தேவையற்றது என்பது என் கருத்து. குழுவில் இதற்காக நான் வாதாடித் தோற்றதும் உண்டு.

வட்டி குறைவா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: பெரும்பாலும் இல்லை. நிதியம் வாங்கிய கடனுக்குச் சராசரியாக 3 விழுக்காடு வட்டி கட்டுகிறது, நிர்வாகச் செலவு 4 விழுக்காடு, வாராக்கடனுக்கு ஒன்று ஒதுக்க வேண்டும் என்றாலே 8 வந்துவிடுகிறது. அதற்கு மேல் சிறு கடனின் சாபம் ஒன்று உண்டு. 20,000 டாலர் கடனை ஆராய எடுக்கும் நேரமும் 2,00,000 டாலர் கடனை ஆராய எடுக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 8 விழுக்காட்டில் முதலாவது ஆண்டுக்கு அதிகபட்சம் 1,600 டாலர் ஈட்டும், இரண்டாவது 16,000. சிறு கடனின் பற்றாக்குறையை மானியம்தான் ஈடுகட்டுகிறது. சிறு வணிக நிர்வாகம் என்ற கூட்டாட்சி அரசு அமைப்பின் நுண்கடன் திட்டத்தில், 50,000 டாலர் வரையான கடன்களைக் கொடுக்கும் இடைநிலை நிறுவனங்களுக்குக் கடனோடு பயிற்சிக்கான மானியமும் தரப்படுவது இதனால்தான். ஒப்பிட வேண்டிய வட்டி எது என்பதும் முக்கியம். வங்கி மறுத்த கடைக்காரருக்கு அடுத்த வாசல், தினசரி விற்பனையிலிருந்து பிடித்தம் செய்துகொள்ளும் முன்பண நிறுவனம். 50,000 கொடுத்து, எட்டு மாதத்தில் 65,000 ஆகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் வட்டி என்ற சொல்லே இருக்காது. ஆண்டு விகிதமாக மாற்றினால் தலை சுற்றும். நிதியங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் கணிசமானவை அந்தச் சுழலிலிருந்து வெளியேறக் கேட்கும் கடன்களே.

தொண்டு நிறுவனம் என்று வரும்போது ஆட்டமே வேறு. உரிமையாளர் என்று யாரும் இல்லை. ஆகவே தனிப்பட்ட உத்தரவாதம் கேட்க ஆள் இல்லை, இயக்குநர் குழுவினரை அப்படிக் கேட்பதும் வழக்கமில்லை. கேட்பது குழுவின் தீர்மானத்தை. கடன் வாங்க ஒப்புதல் கொடுத்த கூட்டத்தில் யாராவது எதிர்த்துப் பேசினார்களா என்று நான் எப்போதும் விசாரிப்பேன். ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றால், அந்தக் குழு கணக்கைப் பார்ப்பதே இல்லை என்று பொருள்.

தொண்டு நிறுவனத்தின் ஏட்டைப் படிப்பதில் வங்கிகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நிகரச் சொத்து 9,00,000 டாலர் என்று அட்டகாசமாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் 7,00,000 கொடையாளரால் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கட்டுண்ட பணம். 1,50,000 கட்டடத்திலும் வண்டியிலும் முடங்கியிருக்கிறது. சம்பளம் கொடுக்கவும் தவணை கட்டவும் கையை வைக்கக்கூடியது 50,000 மட்டும். ஆண்டுச் செலவு 6,00,000 என்றால் அது முப்பது நாள் பணம். மறுபுறம், ஏடு நட்டம் காட்டினாலும் நிறுவனம் நலமாக இருக்கலாம்: மூன்றாண்டு மானியம் முழுவதும் முதல் ஆண்டின் வருவாயாகப் பதிவாகி, அடுத்த இரண்டு ஆண்டுகள் செலவு மட்டும் தெரியும். இந்த நுணுக்கம் தெரிந்தவரிடம் விண்ணப்பித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மிக வழக்கமான தேவையை எடுத்துக்கொள்கிறேன். பள்ளி நேரத்துக்குப் பின் குழந்தைகளைக் கவனிக்கும் ஒரு நிறுவனம், உள்ளூர் அரசுடன் ஆண்டுக்கு 6,00,000 டாலர் ஒப்பந்தம் செய்திருக்கிறது. அரசு, செலவான பின் பட்டியல் அனுப்பினால், தொண்ணூறு நாள் கழித்துக் கொடுக்கும். மாதம் 50,000 என்றால் எப்போதும் 1,50,000 டாலர் அரசிடம் நிலுவையாக நிற்கும். ஊழியருக்குச் சம்பளம் தொண்ணூறு நாள் காத்திருக்காது. நிதியம் அந்தப் பட்டியல்களின் மதிப்பில் 80 விழுக்காடு வரை, அதாவது 1,20,000 டாலர் வரை, எடுத்து, அடைத்து, மறுபடி எடுக்கக்கூடிய சுழல்கடனாகக் கொடுக்கும். மீதி 30,000 நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து வர வேண்டும். அரசு கொடுக்காமல் போய்விடும் என்பதல்ல இங்கே ஆபத்து. நிறுவனம் ஒப்பந்தப்படி வேலை செய்யாமலோ பட்டியலைத் தவறாக எழுதியோ பணம் மறுக்கப்படுவதுதான். ஆகவே அலுவலர் பார்ப்பது நிறுவனத்தின் கணக்காளரையும், கடந்த ஆண்டு எத்தனை பட்டியல்கள் திருப்பி அனுப்பப்பட்டன என்பதையும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. கூட்டாட்சி மானியங்களின் செலவு விதிகளின்படி, கட்டடம், கருவி போன்ற மூலதனச் சொத்துக்காக வாங்கிய கடனின் வட்டியை நிபந்தனைகளுக்கு உட்பட்டு மானியத்தில் சேர்க்கலாம். நடைமுறைச் செலவுக்காக வாங்கிய கடனின் வட்டியைச் சேர்க்க முடியாது. மேலே சொன்ன சுழல்கடனுக்கு 7 விழுக்காட்டில் ஆண்டுக்கு 8,400 டாலர் வட்டி. ஒப்பந்தப் பணம் கூட்டாட்சியிலிருந்து வந்திருந்தால், அரசின் தாமதத்துக்கான அந்த விலையை நிறுவனம் தன் கட்டுப்பாடற்ற நன்கொடையிலிருந்துதான் கட்ட வேண்டும். முன்பு பார்த்த நிறுவனத்தைப் போல, கையை வைக்கக்கூடிய பணம் 50,000 டாலர் மட்டும் என்றால், அதிலிருந்து இந்த 8,400 போவது சிறிய விஷயமல்ல. கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதை உங்கள் இயக்குநர் குழுவின் முன் வையுங்கள்.

கட்டடம் வாங்கும் கடன்கள் இதைவிடப் பெரியவை. நலவாழ்வு மையங்கள், அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் பட்டயப் பள்ளிகள், குழந்தைக் காப்பகங்கள் ஆகியவை வாடகைக்குப் பதில் தவணை கட்டும் கணக்கு பொதுவாகத் தெளிவாகவே இருக்கும். இங்கே நிதியம் பெரும்பாலும் தனியாக நிற்பதில்லை. வங்கி முதல் அடமானத்தில் ஒரு பகுதி, நிதியம் இரண்டாம் அடமானத்தில் ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்கின்றன. நட்டம் வந்தால் முதலில் அடிபடுவது இரண்டாமவர் என்பதால் வங்கிக்குத் துணிவு வருகிறது. 2004-இல் பென்சில்வேனிய மாநில அரசு பணம் போட, பிலடெல்பியாவின் ரீஇன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட் என்ற கடன் நிதியம் நிதி ஏற்பாட்டை நடத்திய உணவுக்கடைத் திட்டமும் பொதுப்பணத்தோடு வேறு பணத்தைச் சேர்த்து அடுக்கியதுதான். பெரிய கடைகள் வராத பகுதிகளில் மளிகை அங்காடிகள் திறக்க அது கடனும் மானியமும் கலந்து கொடுத்தது. நன்கொடை உறுதிமொழிகளை நம்பி வாங்கும் இடைக்காலக் கடனில் மட்டும் எச்சரிக்கை தேவை. கையெழுத்திட்ட உறுதிமொழியும் விருந்தில் வாயால் சொன்ன வாக்கும் ஒன்றல்ல. நிதியமும் இரண்டாவதைப் பூஜ்யமாகவே எண்ணும்.

எதற்குக் கொடுக்கமாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டாகத் தொடர்ந்து விழும் பள்ளத்தை நிரப்ப, இன்னும் விண்ணப்பிக்கவே இல்லாத மானியத்தைக் காட்டிக் கேட்கும் கடனை நல்ல நிதியம் மறுத்துவிடும். அந்த நிறுவனத்துக்குத் தேவை மானியமோ செலவுக் குறைப்போ, கடன் அல்ல. தவணை தவறினால் நிதியம் பொறுமை காட்டும், சில மாதம் வட்டி மட்டும் வாங்கும், தவணைக் காலத்தை மாற்றி எழுதும். ஆனால் தொலைபேசியை எடுக்காதவருக்கு இவை எதுவும் கிடைக்காது. கடைசியில் உரிமைப் பதிவைப் பயன்படுத்தி இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகவும் செய்யும், ஏனென்றால் அந்தப் பணம் திரும்பினால்தான் அடுத்தவருக்குக் கொடுக்க முடியும்.

காலம் பற்றி: சிறு கடன் சில வாரங்கள், கட்டடக் கடன் பல மாதங்கள். தாமதத்துக்கு முதல் காரணம் அநேகமாக விண்ணப்பதாரரின் மாதாந்தரக் கணக்கு தயாராக இல்லாததுதான். மூன்று ஆண்டு வரிப் படிவங்கள் அல்லது தணிக்கை அறிக்கைகள், நடப்பு ஆண்டின் இன்றுவரையான கணக்கு, பன்னிரண்டு மாதப் பணவரவு மதிப்பீடு ஆகியவற்றோடு போங்கள்; தொண்டு நிறுவனமாக இருந்தால் கட்டுண்ட பணத்தையும் கட்டுப்பாடற்ற பணத்தையும் பிரித்து ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். சமவாய்ப்புக் கடன் சட்டத்தின்படி முழுமையான விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்கும் கடமை வங்கிகளைப் போலவே இவர்களுக்கும் உண்டு, மறுப்புக்கான காரணத்தைக் கேட்டுப் பெறும் உரிமை தொழில் நடத்துபவருக்கும் உண்டு. அந்தக் காரணத்தை எடுத்துக்கொண்டு அதே அலுவலரிடம் திரும்பிப் போய், எதைச் சரிசெய்தால் மறுபடி பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். நான் கண்டவரையில் அந்தக் கேள்விக்கு அவர்கள் உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள்.